டார்லா கூப்பிடும் வரை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசலில் ஒரு தொப்பி தெரிந்ததுமே டார்லா வெண்ட்லண்டின் கை பிராந்தி பாட்டிலைத் தேடிப் போய்விடும். தொப்பிக்குக் கீழே இருப்பவருக்கு இனிப்பா புளிப்பா, சோடா தூக்கலா மட்டா, செர்ரி ஒன்றா இரண்டா என்றெல்லாம் அவள் கேட்டதில்லை. அவர்களும் சொன்னதில்லை. கம்பளிக் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு பாரின் நீள மரமேடைமேல் முழங்கையை ஊன்றும்போது கோப்பை அங்கே இருக்கும். விளிம்பில் ஆரஞ்சுத் துண்டு செருகியிருக்கும்.

அப்புறம் பேச்சு. பனி எப்போது விழும், யார் வீட்டுக் கன்று செத்தது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் பந்தைக் கோட்டைவிட்டவன் யார். பேச்சுக்கு நடுவே டார்லா லேசாகக் குனிந்து, மீனா கோழியா என்று மட்டும் கேட்டுக்கொள்வாள். உள்ளே அவள் தம்பி வெர்ன் எண்ணெயில் மீனைப் போடுவான். மேசையில் கறுப்பு ரொட்டியும் சூப்பும், முள்ளங்கியும் பாலாடைக்கட்டியும் அடுக்கிய தட்டும் போய் உட்கார்ந்த பிறகு டார்லா வந்து தோளைத் தொடுவாள். "உங்க மேசை தயார்." அதற்கப்புறம்தான் எழுந்திருப்பார்கள். கூப்பிடாமல் போய் மேசையில் உட்காருவது, அழைப்பில்லாத கல்யாணத்தில் பந்தியில் உட்காருவது மாதிரி. அப்படிச் செய்கிறவர்கள் சிகாகோவிலிருந்து வருகிறவர்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

டாமரக் ஏரிக்கரையில் அவள் அப்பா ஹார்லன் கட்டிய ஓட்டல் அது. டார்லா பிறந்ததே அதன் மாடியில். ஒரு ஜன்னலில் ஏரி, இன்னொரு ஜன்னலில் அடுக்களைப் புகை. அதிகம் பேசாத பிள்ளை. பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருமுறை மீன் சாப்பிட வந்தபோது, "உங்க பொண்ணு வாயைத் திறக்கவே மாட்டேங்கிறா" என்று குறைப்பட்டுக்கொண்டாள். "அவளுக்கும் சேர்த்துத்தான் இங்க எல்லாரும் பேசிடறாங்களே" என்றார் ஹார்லன், கோப்பையைத் துடைத்துக்கொண்டே.

வயது வந்ததும் ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு கிரீன் பே நகரத்துக்குப் போனாள். சில வருஷங்களில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பெட்டியை அவள் கீழே வைப்பதற்குள் ஹார்லன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கோட்டைக் கழட்டி மாட்டு. ஆளுங்க காத்துட்டிருக்காங்க." அதைவிட அன்பாக யாரும் தன்னை வரவேற்றதில்லை என்று டார்லாவுக்கு இன்றைக்கும் தோன்றும். போனது ஏன், வந்தது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பார் அவளுக்கு அன்றிலிருந்து வேலியும் ஆயிற்று, வீடும் ஆயிற்று. அதற்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டால் யாரோடும் சேர்ந்திருக்கலாம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அவளிடம் ஒரு குறை உண்டு. அது அந்த ஏரிக்கரை முழுவதற்கும் உள்ள குறை. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வராது. பிடிக்காத கேக்கைக் கொடுத்தாலும் "நல்லாயிருக்கே" என்பார்கள். வேண்டாத விருந்தாளியையும் இன்னும் கொஞ்சம் இருங்கள் என்பார்கள். ஓட்டல் மெல்லச் சரிந்ததும் இப்படித்தான். ஹார்லன் போன பிறகு வெர்னுக்கு முழங்கால் வலி வந்தது. அடுப்பின் முன்னால் நிற்பதே பாடாகியது. மிச்சிகன் ஏரியிலிருந்து வந்துகொண்டிருந்த பெர்ச் மீனை நிறுத்திவிட்டு, மாவு பூசி உறையவைத்த பெட்டி மீனை வாங்க ஆரம்பித்தான். அறுக்க வேண்டாம், மாவு கரைக்க வேண்டாம். முதல் வெள்ளிக்கிழமையே தட்டுகளின் ஓரத்தில் மீதி மீன் ஒதுங்கிக் கிடந்ததை டார்லா பார்த்தாள். எப்படி இருந்தது என்று கேட்டால் எல்லோரும் "நல்லா இருந்துச்சு டார்லா" என்றார்கள். அடுத்த வாரம் கொஞ்சம் பேர் குறைந்தார்கள். அதற்கடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். டார்லாவும் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்வதைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது?

அந்த நேரத்தில்தான் சிகாகோவிலிருந்து ஸ்ட்ராண்ட் என்று ஒருவர் வந்தார். ஏரியைப் பார்த்த மாதிரி அடுக்கு வீடுகள் கட்ட அவருக்கு இடம் வேண்டும். வெர்னுக்கு அவர் பேச்சு பிடித்திருந்தது.

"உக்காந்து சாப்பிடலாம் டார்லா. வாழ்க்கையில ஒரு வெள்ளிக்கிழமையாவது நாமளும் உக்காந்து சாப்பிடலாம்" என்றான்.

டார்லா சரி என்றாள். பிறகு மாடிக்குப் போய் ஜன்னலோரம் நின்றாள். இந்த இடம் போனால் தான் எங்கே நிற்பது என்று யோசித்துப் பார்த்தாள். உட்கார நிறைய இடம் இருந்தது. நிற்கத்தான் ஓர் இடமும் தோன்றவில்லை.

தொலைக்காட்சியில் 'அணையாத அடுப்பு' என்று ஒரு நிகழ்ச்சி. நொடித்துப்போகிற குடும்ப ஓட்டல்களுக்கு மார்ஷ் என்கிற சமையல்காரர் வருவார். கத்துவார். எல்லோரையும் அழவைப்பார். சுவரை இடித்துப் புதுச்சுவர் வைப்பார். கடைசியில் ஊரே வந்து கைதட்டும். நிகழ்ச்சியின் முடிவில் ஒரு தொலைபேசி எண் வரும். டார்லா அதற்குப் போன் செய்தாள். இயந்திரம்தான் பேசியது. "தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும்" என்று அந்த இயந்திரத்திடம் ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொல்லி, "முடியலேன்னா பரவாயில்ல, வேற யாருக்காவது உதவுங்க" என்று முடித்தாள். நிகழ்ச்சிக்காரர்களை அசைத்தது அந்தக் கடைசி வரிதான் என்று பின்னால் தெரிந்தது. அப்படி யாரும் அவர்களிடம் சொன்னதே இல்லையாம்.

விஷயத்தைக் கேட்ட வெர்ன் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். பிறகு ஒரு கணக்குக்கு வந்தான்.

"சரி, வரட்டும். புதுசாத் திறக்கிற அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் வந்து, உக்காந்து, வயிறாரச் சாப்பிட்டுப் போனா நான் வாயைத் திறக்கல. இல்லேன்னா திங்கட்கிழமை ஸ்ட்ராண்டுக்குக் கையெழுத்துப் போட்டுடுவேன். நீயும் போடணும்."

"சரி" என்றாள் டார்லா. அவளுக்கு வேறு என்ன சொல்ல வரும்.

அக்டோபரில் லாரிகள் வந்தன. மார்ஷ் நியூ ஜெர்சிக்காரர். நெடுநெடுவென்ற உயரம், இரண்டு கையிலும் கத்திரிக்காயும் பூண்டுமாகப் பச்சை குத்தியிருந்தார். வந்ததும் நேராக உறைபெட்டியைத் திறந்தார். ஒரு பெட்டி மீனை எடுத்து மேசையில் போட்டார். கல் விழுந்த சத்தம் கேட்டது.

"ஜன்னலைத் திறந்தா ஏரி. உள்ள ஐஸ் கட்டி மீனா? இதைப் போட்டா ஜனங்க வருவாங்க?"

வெர்ன் தரையைப் பார்த்தான். கேமரா அவன் முகத்துக்குப் பக்கத்தில் போயிற்று.

"முழங்கால் வலி" என்றான்.

"சொன்னீங்களா யார்கிட்டயாவது?"

"கேக்கலியே யாரும்."

மார்ஷ் டார்லா பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

"தெரியும்" என்றாள் டார்லா. அதைச் சொல்லும்போது காது வரை சூடேறியது. மார்ஷ் கத்தவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து வெர்னுக்கு முன்னால் போட்டார். "உக்காந்தே மீன் அறுக்கலாம் சார். எங்க அப்பா கடைசிவரை அப்படித்தான் அறுத்தார். உசரமான மேசை ஒண்ணு வைக்கணும், அவ்வளவுதான்" என்றார். டார்லாவுக்கு அந்த மனிதரை அந்த நிமிஷம் பிடித்துப்போயிற்று. அதுதான் வம்பாகவும் போயிற்று.

நிகழ்ச்சியைத் தயாரிப்பவள் டெஸ்ஸா என்றொரு இளம்பெண். காதில் ஒரு கருவி, கையில் ஒரு கருவி. அவளுக்கு அக்கா தம்பி சண்டை வேண்டும். டார்லாவை ஏரிக்கரையில் நிறுத்தி மெதுவாகக் கிளறிப் பார்த்தாள்.

"தம்பி மேல உங்களுக்குக் கோபமே வரலியா?"

"வந்துச்சு."

"வந்து? என்ன பண்ணீங்க?"

"கோப்பையெல்லாம் கழுவினேன்."

"அழுக்குக் கோப்பையா?"

"இல்ல, ஏற்கனவே கழுவினதுதான். இன்னொரு தரம்."

டெஸ்ஸா கேமராக்காரனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

அன்று மத்தியானம் மார்ஷ் பாரைக் கையால் தட்டிக்கொண்டே நடந்தார். குதிரை லாடம் மாதிரி வளைந்த பார், கூடத்தில் பாதி இடத்தை அடைத்திருந்தது. "இதை எடுத்துட்டா இங்க மேசை போடலாம். ஏரிப் பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. வெளிச்சம் அள்ளும். உங்களுக்குச் சம்மதமா?"

டார்லாவின் விரல்கள் பாரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. எதிரில் இருந்தவர் தம்பிக்கு ஸ்டூல் இழுத்துப்போட்டவர். ராப்பகலாகத் தூங்காத கண்கள். வீட்டுக்கு வந்து உழைக்கிறவரிடம் எப்படி மறுப்பது?

"உங்களுக்கு நல்லதுன்னு பட்டா சரிதான்" என்றாள்.

மார்ஷ் அதை முழுச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். நியூ ஜெர்சியில் சரி என்றால் சரிதான்.

அதற்கப்புறம் டார்லாவையும் வெர்னையும் உள்ளே விடவில்லை; அது நிகழ்ச்சியின் வழக்கம். பரிமாறும் பெவ் வீட்டில் போய்த் தங்கினார்கள். பெவ் முப்பது வருஷமாக அங்கே தட்டு தூக்குகிறவள், வாய்த்துடுக்குக்காரி. "வாழ்நாள்ல முதல் தடவையா உன்னைச் சும்மா உக்காந்து பாக்கறேன் டார்லா. பார்க்க நல்லாவே இல்ல" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கண்ணைக் கட்டி அழைத்துப்போய் அவிழ்த்துவிட்டார்கள். வெள்ளைச் சுவர். கோடையை உருக்கி ஊற்றின மாதிரி விளக்குகள். ஏரியைப் பார்த்து இரண்டு பெரிய கண்ணாடிக் கதவுகள், விரித்துவைத்தால் ஒரு மாட்டு வண்டியே உள்ளே வரலாம். அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே அகலமான திறப்பு. உயர மேசை, அதன் முன் ஸ்டூல், தட்டில் பளபளக்கும் பெர்ச் மீன். வெர்ன் மீனைத் தொட்டுப் பார்த்து மூக்கை உறிஞ்சினான். அழுகைதான். டெஸ்ஸாவின் முகம் மலர்ந்தது.

டார்லா பார் இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே மேசைகள், மேசைமேல் மெழுகுவத்தி. மாடிப்படி இறங்கும்போது இல்லாத ஒரு படியில் கால் வைத்த மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேமரா கேட்டது.

"நல்ல வெளிச்சம்" என்றாள்.

நாலரை மணிக்குக் கதவைத் திறந்தார்கள். தொலைக்காட்சி வந்திருக்கிறது என்று கேட்டு ஏரியின் நாலு கரையிலிருந்தும் வந்திருந்தார்கள். வண்டி நிறுத்த இடமில்லாமல் சாலை வரை நின்றது. வரவர உள்ளே நிறைந்தது. "அடேயப்பா, என்ன வெளிச்சம்" என்றார்கள். "கதவு பெருசா இருக்கே" என்றார்கள். பிறகு நின்றார்கள்.

நின்றுகொண்டே இருந்தார்கள்.

யாரும் கோட்டைக் கழற்றவில்லை. எங்கே போடுவது? சுவரோரமாக, ஜன்னலோரமாக, தூணுக்குத் தூண் நின்றார்கள். நிகழ்ச்சிக்காரர்கள் அமர்த்தியிருந்த பெண் சிரித்துச் சிரித்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். "வாங்க, இங்க உக்காருங்க."

"எங்களுக்கென்ன அவசரம். அவங்க உக்காரட்டும்."

"ஐயோ நாங்க இப்பதானே வந்தோம். முதல்ல வந்தவங்க உக்காரட்டும்."

முதலில் வந்தவர்கள் பின்னால் நகர்ந்து தூணுக்குப் பின்னே மறைந்தார்கள். கூடம் முழுக்க மனிதர்கள்; மேசை முழுக்கக் காலி. ஒரே ஒரு மேசையில் மட்டும் ஸ்ட்ராண்டும் அவர் மனைவியும். வந்ததும் உட்கார்ந்து மடிமேல் துணி விரித்துவிட்டார்கள். எல்லோரும் அவர்களைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரியவில்லை.

மார்ஷ் டெஸ்ஸாவிடம் சீறினார். "ஏன் உக்கார மாட்டேங்கிறாங்க? கேமராவுக்குக் கூச்சமா?"

கோதுமைப் படம் போட்ட தொப்பிக்காரர் இர்வ், டார்லாவோடு படித்தவர், மாடுகளை மகனிடம் விட்டுவிட்டு மீன் பிடித்தே காலத்தை ஓட்டுகிறவர், தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கு டார்லா, நல்லா இருக்கு. ஆனா வீட்ல ஏதோ வேலை கிடக்கு..." என்று கதவைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலருக்கும் வேலை ஞாபகம் வர ஆரம்பித்தது. ஒரு குடும்பம் வெளியேயே போய்விட்டது.

அடுக்களைத் திறப்பில் வெர்ன் தெரிந்தான். எண்ணெய் காய்ந்து நிற்கிறது, மாவு கரைத்து நிற்கிறது, ஓர் ஆர்டரும் வரவில்லை. அவன் கூட்டத்தைப் பார்த்தான், காலி மேசைகளைப் பார்த்தான், ஸ்ட்ராண்டைப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான்.

டார்லா அதைப் பார்த்தாள். மார்ஷ் மைக்கை வாங்கிக்கொண்டிருந்தார்.

"நானே சொல்லிடறேன், எல்லாரும் உக்காருங்கன்னு."

"வேண்டாம்" என்றாள் டார்லா.

"என்ன?"

"வேண்டாம். சொல்லாதீங்க." குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. ஆனால் வெளியே வந்துவிட்டது. இனி உள்ளே போகாது. "பாரை எடுத்தது தப்பு. இங்க யாரும் நேரா மேசைக்குப் போக மாட்டாங்க. முதல்ல பார்ல உக்காந்து ஒரு பிராந்தி. அப்புறம் நான் கூப்பிடணும். நான் கூப்பிடாம உக்கார மாட்டாங்க. பார் இல்லாம நானும் எங்க நின்னு கூப்பிடறது?"

மார்ஷின் கை மைக்கோடு அந்தரத்தில் நின்றது. "நான் கேட்டேனே மேடம்! நீங்க சரின்னீங்களே!"

"நாங்க எல்லாத்துக்கும் சரிம்போம். தப்பு என்மேலதான். அன்னிக்கே சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேன்."

டார்லா ஒருவரைப் பார்த்து வேண்டாம் என்று சொன்னதை அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்டதில்லை. டெஸ்ஸா மூச்சை நிறுத்திக் கேமராக்காரனின் முதுகில் கை வைத்தாள், நகராதே என்பதுபோல.

"சரி, பார் வேணும்" என்றார் மார்ஷ். தலையைச் சொறிந்தார். "பழசை அறுத்துட்டோம். மரமும் போயிடுச்சு. இப்ப பாருக்கு நான் எங்க போவேன்?"

டார்லா கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தாள். வண்டிகளுக்கு நடுவே இர்வின் டிரக்; அதன் பின்னால் அன்று காலைதான் ஏரியிலிருந்து தூக்கிய, அடிப்பக்கம் தட்டையான படகு.

"இர்வ், உன் படகைக் குடு."

"என் படகா? எதுக்கு?"

"குப்புறப் போடணும். அதுல பிராந்தி ஊத்தணும்."

இர்வ் தொப்பியைத் தலையில் வைத்தார். "நாப்பது வருஷமா நான் அதுல உக்காந்து பிராந்தி ஊத்திக்கறேன், என் பொண்டாட்டி திட்டறா. நீ பண்ணா டிவியில காட்டறாங்க" என்றபடி வெளியே ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

அதுவரை சுவரில் ஒட்டிக்கொண்டு நின்ற ஆண்கள் எல்லோருக்கும் திடீரென்று கை கால் வந்தது. வேலை என்று ஒன்று கொடுத்துவிட்டால் அந்த ஊரில் கூச்சம் நிற்காது. படகைத் தோளில் தூக்கினார்கள். "அங்க தூக்கு", "உன் பக்கம் சாயுது", "எங்க அப்பா சவப்பெட்டிகூட இவ்வளவு கனம் இல்ல." பழைய வாசலாக இருந்தால் படகின் மூக்குகூட நுழைந்திருக்காது. மார்ஷ் வைத்த கண்ணாடிக் கதவுகள் இரண்டையும் மார்ஷே விரியத் திறந்து பிடித்தார். தச்சர்கள் பலகை அறுக்க வைத்திருந்த மரத்தாங்கிகளைப் பெவ் இழுத்துவந்தாள். அவற்றின் மேல் படகு கவிழ்ந்து உட்கார்ந்தது. அடிப்பாகத்தில் பாசியின் பச்சைக்கோடு இன்னும் ஈரமாக இருந்தது. மேசைகளை ஓரம் தள்ளினார்கள். நிலவறையில் கட்டிவைத்திருந்த பிராந்திப் பெட்டிகள் மேலே வந்தன.

டார்லா படகுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தாள். நிமிர்ந்தாள்.

அவ்வளவுதான். கூட்டம் ஏரி அலை மாதிரி படகை நோக்கி வந்தது. கோட்டுகள் கழன்றன. இர்வுக்கு இனிப்பு, செர்ரி இரண்டு. இர்வ் மனைவிக்குப் புளிப்பு, செர்ரி இல்லை. தபால்காரருக்குச் சோடா தூக்கலாக. பாதிரியாருக்கு மட்டாக, ஆனால் பிராந்தி மட்டாக இல்லை. சர்க்கரையை நசுக்கி, கசப்புத் துளி விட்டு, ஆரஞ்சைப் பிழிந்து, பனிக்கட்டி போட்டு, அவள் கைகள் தாமாகவே போய்வந்தன. வெளியே போன குடும்பம் கதவு வழியாகச் சத்தத்தைக் கேட்டு, ஏதோ மறந்துவிட்ட மாதிரி நடித்துக்கொண்டு திரும்பி வந்தது.

"ஆரஞ்சு தீருது" என்றாள் டார்லா யாரையும் பார்க்காமல்.

"எனக்குச் சொல்றீங்களா?" என்றார் மார்ஷ்.

"கை சும்மாதானே இருக்கு?"

பூண்டும் கத்திரிக்காயும் பச்சை குத்திய கைகள் ஆரஞ்சு வெட்ட ஆரம்பித்தன. பெவ் எட்டிப் பார்த்தாள். "மெல்லிசா வெட்டுங்க செஃப், இது என்ன மாட்டுக்கா?" மார்ஷ் இடிஇடியென்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நிகழ்ச்சியில் எந்த ஊரிலும் வந்ததில்லை என்று டெஸ்ஸா பிறகு சொன்னாள்.

பேச்சு எழுந்தது. பனி, கன்று, ஞாயிற்றுக்கிழமைப் பந்து. பேச்சுக்கு நடுவே டார்லா குனிந்து கேட்டாள். எல்லோரும் மீன் என்றார்கள். வெர்ன் ஸ்டூலில் உட்கார்ந்து மாவில் தோய்த்துத் தோய்த்துப் போட்டான். எண்ணெய் பொங்கிப் பாடியது. உருளைக்கிழங்கு அடைகள் ஒரு பக்கம் முறுகின. பெவ் தட்டுகளைக் கையிலிருந்து முழங்கை வரை அடுக்கிக்கொண்டு பறந்தாள். முதல் மேசையில் ரொட்டியும் தட்டும் சூப்பும் போய் உட்கார்ந்தன.

டார்லா படகைச் சுற்றி வந்து இர்வின் தோளைத் தொட்டாள்.

"உங்க மேசை தயார்."

இர்வ் எழுந்து, கோப்பையோடும் மனைவியோடும் ஊர்வலம் போகிற மாதிரி நடந்துபோய் உட்கார்ந்தார். யாரோ கைதட்டினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். அதற்கப்புறம் தடையே இல்லை. ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டாள், கூப்பிடக் கூப்பிடப் போனார்கள். முறுகலான மீனை விண்டபோது ஆவி பறந்தது. தட்டின் ஓரத்தில் எதுவும் ஒதுங்கவில்லை. தபால்காரர் வாய் நிறைய வைத்துக்கொண்டு, "வெர்னு! இத்தனை வருஷமா இதை எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தே? அந்தப் பெட்டி மீன் கொடுமை தாங்கலடா!" என்று அடுக்களைப் பக்கம் கத்தினார்.

கூடம் திக்கென்று ஆனது. முகத்துக்கு நேரே ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

வெர்ன் திறப்பில் தலையை நீட்டினான். "இதை அப்பவே சொல்றதுக்கென்ன?"

"உங்க அக்கா இன்னிக்குத்தானே ஆரம்பிச்சு வெச்சா!"

சிரிப்பு கூரையில் மோதித் திரும்பியது. வெர்னும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

மேசைகளில் ஒரு சுற்று சாப்பிட்டு முடிந்த பிறகு அவன் வெளியே வந்தான். ஏப்ரனின் முடிச்சு இறுக்கிக் கட்டியிருந்தது. முழங்காலை இழுத்து இழுத்து ஸ்ட்ராண்டின் மேசைக்குப் போனான். அவர்கள் முன்னால் இன்னும் ஒன்றும் வரவில்லை. அவர்களிடம் யாரும் ஆர்டர் வாங்கவே இல்லை. பாருக்கு வராதவர்களிடம் வாங்கி யாருக்கும் பழக்கமில்லை.

"மிஸ்டர் ஸ்ட்ராண்ட், மன்னிக்கணும். இடம் விக்கிறதா இல்ல."

டார்லாவின் கையில் கோப்பை நின்றது.

ஸ்ட்ராண்ட் மடித்துணியை எடுத்து மேசையில் வைத்தார். கோபப்படுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் பக்கத்து மேசை மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, அது உங்க இஷ்டம். ஆனா மத்தியானத்துலேர்ந்து நாங்க ஒண்ணும் சாப்பிடல. எங்களுக்கு மீன் கிடைக்குமா?"

"கிடைக்கும்" என்றான் வெர்ன். "முதல்ல அந்தப் படகுகிட்ட போய் உக்காருங்க. எங்க அக்கா கூப்பிடுவாங்க."

கணவனும் மனைவியும் எழுந்து, கோட்டுகளைக் கையில் போட்டுக்கொண்டு, நல்ல பிள்ளைகளாக வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். டார்லா இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். கணவருக்குப் புளிப்பு, மனைவிக்கு இனிப்பு. கேட்காமலே ஊற்றினாள். மனைவி ஒரு மிடறு குடித்துவிட்டு, "இது எப்படித் தெரிஞ்சுது?" என்றாள். டார்லா தோளைக் குலுக்கிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தாள். காத்திருப்பவர்கள் இன்னும் இருந்தார்கள்.

நிகழ்ச்சி பனிக்காலத்தில் ஒளிபரப்பானபோது வெண்ட்லண்ட் ஓட்டலில் நிற்க இடமில்லை. திரையில் டார்லா வேண்டாம் என்று சொன்ன இடத்தில் ஊரே எழுந்து நின்று கத்தியது. டார்லா நிலவறையில் எலுமிச்சம்பழம் தேடுகிற சாக்கில் போய் உட்கார்ந்துகொண்டாள். மார்ஷின் ஆட்கள் நல்ல ஓக் மரத்தில் புதுப் பார் ஒன்றை அனுப்பிவைத்திருந்தார்கள். குதிரை லாட வடிவம்தான், கொஞ்சம் சின்னது. மேசைகளுக்கும் இடம் இருந்தது. வெர்ன் ஸ்டூலை விட்டு இறங்குவதில்லை. பெவ் அவனை 'மகாராஜா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

பனி உருகியதும் இர்வ் தன் படகைத் திரும்ப எடுத்துப்போனார். எத்தனை தேய்த்தும் ஆரஞ்சு வாசம் போகவில்லை என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாரில் வந்து முறையிடுகிறார்.

"ஏரி மீனெல்லாம் கெட்டுப்போச்சு டார்லா. புழுவைக் காட்டினா திரும்பியே பாக்கறதில்ல. செர்ரி கேக்குதுங்க."

"ஒண்ணா, ரெண்டா?" என்கிறாள் டார்லா, அவருடைய கோப்பையை முன்னால் தள்ளியபடி.